செப்புக் காசும் அச்சுப் பிழையும்



வைகையில் வெள்ளம் வந்து வடிந்த பின்னர், ஆற்று மணலைத் தட்டில் இட்டு அரிப்பவர்களை நம்மில் முதியோர் சிலர் கண்டிருக்கக்கூடும். முழங்கால் அளவு நீரில் நின்று, தட்டைச் சுழற்றிச் சுழற்றி, மணலை நீரோடு போக்கி, அடியில் தங்குவதைக் கூர்ந்து நோக்குவார்கள். அவர்கள் தேடுவது பொன் துகள். பெரும்பாலும் கிடைப்பதோ, விரல் நகத்தினும் சிறிய, பச்சை பூத்த செப்புக் காசு. அதை மடியில் செருகிக்கொண்டு மீண்டும் மணலை அள்ளுவார்கள். சங்ககாலப் பாண்டியர் காசும், ரோமாபுரிக் காசும், சுல்தான்கள் காசும், நாயக்கர் காசும், கும்பினிக் காசும் அந்த மணலில் வேற்றுமையின்றி ஒன்றாய்க் கிடந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாக மதுரைச் சந்தைக்கு வந்தவர்களும், ஆற்றைக் கடந்தவர்களும் தவறவிட்ட சில்லறை அது.

அத்தகைய சில்லறைக் காசுகளைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன். அவற்றின் அழகைப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அவற்றில் உள்ள பிழை. எழுத்து இரட்டித்த காசு, கோடு விழுந்த காசு, ஓரம் குறைந்த காசு, உருவம் நழுவிய காசு ஆகியவை எப்படித் தோன்றுகின்றன? உண்மையான பிழையையும் பிற்காலத்தில் நேர்ந்த சிதைவையும் எப்படிப் பிரித்தறிவது? அறிவதால் பயன் என்ன? இவை மூன்றுமே இன்றைய பேச்சின் பொருள்.

பிழையைப் பொற்காசில் தேடுவதைவிடச் செப்புக்காசில் தேடுவதே எளிது. பொற்காசைச் செய்தவர்கள் எடையிட்டு, ஒன்றொன்றாகப் பார்த்துச் செய்தார்கள். செப்புக்காசு சந்தையில் கீரையும் உப்பும் வாங்குவதற்கானது; ஆயிரக்கணக்கில் விரைந்து அடிக்க வேண்டியது. அச்சில் வெடிப்புக் கண்டாலும், அது இரண்டாய்ப் பிளக்கும் வரையில் அடித்துத் தள்ளுவார்கள். அதனால் கம்பட்டக்காரனுடைய அவசரமும் அயர்வும் ஏழையின் காசிலேதான் மிகுதியாகப் பதிந்திருக்கின்றன.

இத்துறையில் நான் கற்ற முதற்பாடம் ஓர் இழப்பினால் வந்தது. திருமங்கலத்திற்கு அப்பால் உள்ள கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் என் இளமை கழிந்தது. ஒரு நாள் பருத்திக் காட்டு உழவுசாலில் கறுத்த காசு ஒன்று அகப்பட்டது. ஒருபுறம் இரண்டு மீன்கள் நிற்பதுபோலத் தோன்றியது. மறுபுறம் எழுத்துகள் இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. அதை என் அப்பத்தாவிடம் காட்டினேன். “கறுப்புக் காசு யாருக்கு வேணும் ராசா? புளி போட்டுத் தேய், பளிச்சுன்னு வரும்” என்றார். பேரன் மீதுள்ள அன்பினால் சொன்ன சொல் அது. நானும் புளியும் சாம்பலும் இட்டு ஒரு பகல் முழுவதும் தேய்த்தேன். காசு புதுக் குடம்போல் மின்னிற்று. மறுநாள் அதை எங்கள் தமிழாசிரியரிடம் கொண்டு சென்றேன். அவர் அதைச் சாளரத்து வெளிச்சத்தில் நெடுநேரம் சாய்த்துப் பார்த்தார். “தம்பி, இது பாண்டியன் காசு. இங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. எந்தப் பாண்டியன் என்று இனி யாரும் சொல்ல முடியாது” என்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது, மின்னுகிறது, பேசுவதில்லை.

காசின் பிழையை உணர வேண்டுமாயின், காசு பிறக்கும் முறையை முதலில் உணர வேண்டும். பழங்காலத்தில் இரண்டு அச்சுகளைச் செய்தார்கள். ஒன்றைப் பட்டடையில் அசையாதபடி பதித்துவிடுவார்கள். மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சின் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் இரு முகங்களும் ஒரே அடியில் பதிந்துவிடும். சம்மட்டியின் முழு அடியையும் நேரே வாங்குவது மேல் அச்சு. ஆகையால் அது விரைவில் தேயும், வெடிக்கும். பட்டடையில் பதிந்த கீழ் அச்சு நெடுநாள் உழைக்கும். ஒரு கீழ் அச்சு உழைத்து முடிவதற்குள் மேல் அச்சுகள் பல மாறிவிடும். இதனால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. தலைப்பக்கம் ஒரே அச்சாகவும் பூப்பக்கம் வெவ்வேறு அச்சாகவும் உள்ள காசுகளை வரிசைப்படுத்தினால், சங்கிலியின் கண்ணிகளைப்போல் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆண்டு பொறிக்காத காசுகளிலும் முந்தியது எது, பிந்தியது எது என்று காண இதுவே வழி.

இக்காலத்து நாணயச் சாலையில் சம்மட்டிக்கு மாறாக எந்திரம் இருக்கிறது. கலைஞர் முதலில் பெரிய அளவில் ஓர் உருவத்தைச் செய்கிறார். அதைச் சுருக்கி எஃகில் பொறித்து மூல முத்திரை ஆக்குகிறார்கள். அதிலிருந்து மூல அச்சும், மூல அச்சிலிருந்து வேலைக்கான முத்திரையும், அம்முத்திரையிலிருந்து வேலை அச்சுகளும் படிப்படியாகப் பிறக்கின்றன. முத்திரையில் உருவம் மேடாக இருக்கும்; அச்சில் பள்ளமாக இருக்கும்; காசில் மீண்டும் மேடாகும். தாய்க்கு மகளும் மகளுக்குப் பேத்தியும் போன்ற இந்த மரபில் எந்தத் தலைமுறையில் குறை நேர்ந்ததோ, அதற்குப் பின்வந்த தலைமுறைகள் எல்லாவற்றிலும் அது காணப்படும்.

இதிலிருந்து நமக்கு முதல் விதி கிடைக்கிறது. அச்சிலுள்ள பள்ளம் காசில் மேடாகும். அச்சு வெடித்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் புகும். காசில் மெல்லிய கோடு எழுந்து நிற்கும். காசு வெளியே வந்த பின்பு ஆணியோ கல்லோ கீறினால் அந்தக் கோடு பள்ளமாகத்தான் இருக்கும். ஆகவே, கோடு கண்டவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது மேடா, பள்ளமா? மேடாயின் அச்சின் மேல் ஐயம் கொள்ளலாம். பள்ளமாயின் பெரும்பாலும் அது வழியில் பட்ட காயம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சமும் இந்தச் சோதனைக்குப் போதும். நேர் மேலே இருந்து விழும் வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றுபோலக் காட்டி ஏமாற்றும்.

இரண்டாம் விதி இதனினும் உறுதியானது. ஒரு காசு தனிச் சாட்சி. இரண்டு காசுகள் ஒத்துப்பேசினால்தான் வழக்கு நிற்கும். அச்சில் நேர்ந்த குறையாயின், அதே அச்சில் அதன்பின் அடிக்கப்பட்ட ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே குறை இருக்க வேண்டும். வெடிப்பு நாளுக்கு நாள் வளரும். மயிரிழைபோன்ற கோடு ஒரு காசில் இருக்கும். விளிம்புவரை நீண்ட கோடு மற்றொன்றில் இருக்கும். விளிம்பில் அச்சின் துண்டே பெயர்ந்து, காசில் உருவற்ற உலோகத் திட்டு நிற்பது மூன்றாவதில் இருக்கும். மூன்றையும் அடுக்கி வைத்தால் ஓர் அச்சின் நோயையும் மரணத்தையும் கண்முன் காணலாம்.

இனி, எழுத்து இரட்டித்துத் தோன்றும் காசுகளைப் பார்ப்போம். இதில்தான் புதியவர் பெரும்பாலும் வழுக்கி விழுவர். இரட்டிப்பு இருவகைப்படும். வேலை அச்சைச் செய்யும்போது முத்திரையை எஃகில் ஒரே அழுத்தில் முழுதும் இறக்க முன்னாளில் இயலாது. ஒரு முறை அழுத்தி, எஃகை மீண்டும் காய்ச்சி மென்மையாக்கி, மறுமுறை அழுத்துவர். மறுமுறை அழுத்தும்போது இம்மியளவு விலகினாலும் எழுத்து இரண்டாய்ப் பதிந்துவிடும். இதுவே உண்மையான இரட்டை அச்சு. இதில் இரண்டு எழுத்துகளும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் மூலைகளில் பிளவு தெளிவாகத் தெரியும். மற்றொரு வகையில் அச்சுக்குக் குற்றமில்லை. எந்திரத்தில் அச்சு தளர்ந்திருந்தால், அடித்து மீளும் கணத்தில் அது சற்று அசைந்து, எழுந்து நிற்கும் எழுத்தின் பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். அங்கே படிக்கட்டுப்போல ஒரு தட்டையான விளிம்பு காணப்படும். எழுத்தின் பருமன் குறைந்திருக்கும். முன்னது அரியது. பின்னது கைநிறையச் சில்லறையில் அடிக்கடி காணக்கூடியது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறியாதவரே சந்தையில் பொருளிழக்கின்றனர்.

எழுத்தே இல்லாமற்போவதும் உண்டு. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அந்த எழுத்து காசில் எழும்பாது. ஆண்டின் கடைசி இலக்கம் இவ்வாறு மறைந்த காசு, ஆண்டே பொறிக்கப்படாத காசுபோலத் தோன்றும். பிசுக்கைத் துடைத்துவிட்டால் அடுத்த காசில் இலக்கம் திரும்பிவிடும். ஆகவே, அச்சு வேறுபாடு என்று இதனைக் கொள்ளாமல், அடிக்கும் வேளையில் நேர்ந்த தடை என்று கொள்வதே முறை.

அச்சுகள் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பதும் ஒரு பிழை. நம் குடியரசின் காசுகளில் தலைப்பக்கமும் பூப்பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். காசின் மேலும் கீழும் இரு விரல்களால் பிடித்து, புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மறுபுறமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், அச்சு தன் இடத்தில் சுழன்றுவிட்டது என்று பொருள். கண்ணாடியும் தராசும் இல்லாமலே சிறுவர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அச்சில் குற்றமின்றி வில்லையில் குற்றம் நேர்வதும் உண்டு. நீண்ட உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். பட்டை சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின்மேல் அடுத்த வெட்டு ஏறிவிடும். அப்போது ஓரத்தில் பிறைபோலக் கடிபட்ட வில்லை கிடைக்கும். வில்லை அச்சின் நடுவில் அமராவிட்டால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வெறுமையாக நிற்கும். எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்றுண்டு. அடித்த காசு வெளியே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடும். அப்போது பிறக்கும் காசின் ஒருபக்கம் செம்மையாகவும், மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் கண்டதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருக்கும். பழைய ரோமானியக் காசுகளிலும் இப்பிழை உண்டு. நம் காலத்து எந்திரக் காசுகளிலும் உண்டு.

பிழை வேறு, வேறுபாடு வேறு. திட்டமிட்டே செய்த சிறு மாற்றங்களும் காசில் உள்ளன. அவற்றுள் முதன்மையானது சாலைக் குறி. ஆண்டு இலக்கத்தின் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் பம்பாய். விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. ஒன்றுமே இல்லையாயின் கல்கத்தா. புள்ளி இருந்தால் 1988 முதல் காசடித்துவரும் நொய்டா. ஐதராபாத்துச் சாலைக்கு முற்காலத்தில் பிளந்த சாய்சதுரமும், நடுவே புள்ளியிட்ட சாய்சதுரமும்கூடக் குறிகளாக இருந்தன. இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காலணாவில் ஆண்டின் கீழ் உள்ள சிறு புள்ளி பம்பாயைக் குறிப்பது. அதே புள்ளி இன்று நொய்டாவைக் குறிக்கிறது. குறியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். குறியோடு காலத்தையும் சேர்த்துப் படித்தவர் தடுமாறமாட்டார்.

வடிவத்திலே நேர்ந்த பிழைக்கு நாடறிந்த சான்று 1911ஆம் ஆண்டுக் காசு. அரசர் அணிந்திருந்த சங்கிலியில் சிறு யானை ஒன்றைப் பொறித்திருந்தார்கள். துதிக்கை குறுகி, உடல் தடித்து, அது பன்றிபோலத் தோன்றியதால் மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. ரூபாயில் பெரும்பகுதியை அரசாங்கமே உருக்க வேண்டியதாயிற்று. 1912ஆம் ஆண்டு யானையின் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சைத் திருத்தினார்கள். 1911ஆம் ஆண்டுக் காலணாவிலும் அதே பழைய யானைதான் நின்றது. ரூபாயைக் கண்டறியாத உழவன் வீட்டுக்கும் அப்பிழை காலணாவாகச் சென்று சேர்ந்தது.

நம் பாட்டிமார்களின் சுருக்குப்பையில் இருந்த ஓட்டைக் காலணாவையும் மறக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் செம்பு அருகியபோது, ஏறக்குறைய 5 கிராம் எடையிருந்த காலணாவை, நடுவே துளையிட்டு ஏறக்குறைய 2 கிராமாக 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். கிரீடத்தின் வடிவிலும் எழுத்தின் பருமனிலும் அக்காசுகளில் வேறுபாடுகள் உண்டு. துளை நடுவிலிருந்து விலகியது உண்மைப் பிழை. துளையே விழாதது அரிய பிழை. ஆயினும் துளையை ஈயத்தாலோ செம்பாலோ அடைத்து, அரிய பிழை என்று விற்றவர்களும் உண்டு. எடை போட்டுப் பார்த்து, துளையின் வட்டத்தில் இணைப்புக் கோடு இருக்கிறதா என்று கண்ணாடியால் நோக்கினால் சூது வெளிப்படும்.

பின்னர் 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நயா பைசா வந்தது. 16 அணாவும் 64 காலணாவும் 192 தம்படியும் கொண்ட ரூபாய், 100 நயா பைசாவாக மாறிற்று. அணாவுக்கு 6 நயா பைசா என்று கொடுத்தால் நாலணாவுக்கு 24தானே வரும், 25 எப்படி வந்தது என்று கடைவாசலில் நிகழ்ந்த வழக்குகள் பல. வெறும் ஒன்றரைக் கிராம் எடையுள்ள அந்த வெண்கலக் காசில், அது ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்று இந்தி எழுத்தில் பொறித்திருந்தார்கள். 1962இல் அதன் உலோகம் நிக்கல் பித்தளை ஆயிற்று; 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற சொல் நீங்கிற்று; 1965இல் அலுமினியச் சதுரக் காசு வந்தது. எட்டு ஆண்டுக்குள் மூன்று உலோகம், இரண்டு பெயர், பல சாலைகள். வேறுபாடுகளைத் தேடிக் கற்பதற்கு இதனினும் எளிய பாடநூல் இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாக்காசு ஆயின. கடைவீதியிலிருந்து விடைபெற்ற அவை, பரண்மேல் உள்ள டப்பாக்களில் உறங்குகின்றன.

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மதுரை வரலாறே அதற்கு விடை கூறும்.

பழைய செப்புக்காசுகள் பலவற்றில் அச்சு பெரியது, வில்லை சிறியது. அதனால் எந்த ஒரு காசிலும் எழுத்து முழுமையாக விழாது. ஒன்றில் முதலெழுத்து இருக்கும், ஒன்றில் நடுவெழுத்து, ஒன்றில் ஈற்றெழுத்து. ஒரே அச்சில் அடித்தவை எவை என்று கண்டு, அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால்தான் பெயர் முழுமை பெறும். திருமங்கலத்தில் வாழ்ந்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார் டிரேசி, 1880களில் இப்பகுதியிற் கிடைத்த பாண்டியர் காசுகளைத் திரட்டி ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ‘எல்லாந் தலையானான்’, ‘கச்சி வழங்கும் பெருமாள்’, ‘சோணாடு கொண்டான்’ என்றெல்லாம் பிற்காலப் பாண்டியர் காசுகளில் உள்ள விருதுப் பெயர்கள் உடைந்த துண்டுகளாகவே அறிஞர்களின் கைக்கு வந்தன. துண்டுகளைச் சேர்த்தது அச்சைப் பற்றிய அறிவு.

மதுரைச் சுல்தான்களின் வரலாற்றைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகளே நிலவிய அந்த ஆட்சியின் அரசர் வரிசையையும் ஆண்டுகளையும் உறுதி செய்வதற்குக் காசுகளே பெருந்துணை. அவற்றுள் கடைசியானது ஹிஜ்ரி 779ஆம் ஆண்டுக் காசு, அதாவது கி.பி. 1377-78. விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பு அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. படையெடுப்புக்குப் பின்னும் அந்த ஆட்சி எங்கோ ஓரளவு நீடித்தது என்று கூற வரலாற்றாசிரியர்க்குத் துணையாவது அந்தச் சிறு காசில் உள்ள இலக்கங்கள். ஓர் இலக்கம் அச்சில் அடைபட்டிருந்தாலோ, யாரோ ஒரு சிறுவன் புளியிட்டுத் தேய்த்திருந்தாலோ என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

ரோமானியக் காசும் அப்படியே. மதுரையில் கிடைத்த சிறு செப்புக் காசுகளைக் கண்டு, இங்கே ரோமானியர் குடியிருப்பு ஒன்று இருந்திருக்கலாம் என்று ராபர்ட் சீவெல் 1904இல் எழுதினார். பெரும் பொற்காசு வாணிகனின் பெட்டியில் வரும். செப்புச் சில்லறையோ அன்றாடச் செலவுக்கு உரியது என்பது அவர் கருத்து. அவற்றுள் எவை கடல் கடந்து வந்தவை, எவை இங்கேயே பார்த்து அடித்த போலிகை என்பது பின்வந்தோர் கேள்வி. அதற்கு விடை காண அச்சின் கைவண்ணத்தைத்தான் நோக்க வேண்டும். அயல் எழுத்தை அறியாத கைவினைஞர், எழுத்தைக் கோடாகவும் புள்ளியாகவும் செதுக்கிவிடுவார். அவருடைய பிழையே அவர் ஊரைக் காட்டிக்கொடுக்கும். 1994இல் வெளியான இரா. கிருஷ்ணமூர்த்தியின் நூல், கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய ஊர்களில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைத் தொகுத்துத் தந்தது. ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த சங்ககாலச் சதுரச் செப்புக்காசினை 1980களில் உலகறியச் செய்தவரும் அவரே. சங்கப் பாடல்களிற் கேட்ட பாண்டியப் பெயர் ஒன்று காசின்மேல் நின்று நம்மை நோக்கிற்று. அதன் மதிப்பு என்ன? உலோகமாய்ப் பார்த்தால் ஒரு பிடி உப்புக்கும் ஈடாகாது.

இனி, இக்காலத்தில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாடகை வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஐந்து பைசா அலுமினியக் காசு ஒன்று. “ஐயா, இதில் ஆண்டு இரட்டையாக விழுந்திருக்கிறது. இரண்டு இலட்சம் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பதிவுக் கட்டணம் ஆயிரம் கட்டிவிட்டேன். இன்னும் நாலாயிரம் கேட்கிறார்கள். மகளுக்குப் பள்ளிக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணம், கட்டலாமா?” என்று கேட்டார். நான் காசைச் சாளரத்தருகே கொண்டுசென்று சாய்த்துப் பார்த்தேன். தட்டையான படிக்கட்டு விளிம்பு. அச்சு அசைந்து தேய்த்த தடம். அது பொருட்காட்சிக்குரிய காசு அன்று. எல்லார் வீட்டுப் பரணிலும் கிடப்பது. “தம்பி, நாலாயிரத்தைக் கட்டாதீர்கள். போன ஆயிரத்தோடு தப்பித்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்” என்றேன். நம்ப அவருக்கு மனம் வரவில்லை. பிறகு கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, என்னிடமிருந்த வேறு நான்கு காசுகளில் அதே தடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாவற்றிலும் இருக்கிறதே ஐயா” என்றார். அந்த ஒரு சொல்லில் நாலாயிரம் ரூபாயும் ஒரு சிறுமியின் கல்வியும் காப்பாற்றப்பட்டன.

பழங்காசு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. இருந்தும் ஏமாறுவோர் தொகை குறைந்தபாடில்லை. இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கி, இடவலம் மாறிய உருவம் என்று விற்பார்கள். மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உண்மைப் பிழையாயின் அப்பக்கம் செம்மையாக எழும்பியிருக்கும். இடுக்கியின் வேலையாயின் நசுங்கியிருக்கும். இரண்டு காசுகளை அரத்தால் தேய்த்து ஒட்டி, இருபுறமும் தலை என்பார்கள். விளிம்பின் உட்புறத்தில் ஒட்டுக்கோடு இருக்கும். கல்லில் போட்டால் ஒலி மழுங்கும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் பழங்காசு இருந்தால் ஒன்றிரண்டு வேண்டுகோள். தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பொடி எதுவும் வேண்டா. மென்மையான துணியில் மண்ணைத் தட்டிவிடுவது போதும். காகித உறையில் இட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் உறைமேல் எழுதிவையுங்கள். இடம் தெரிந்த தேய்ந்த காசு, இடம் தெரியாத நல்ல காசினும் பயன் மிக்கது. கிலோக் கணக்கில் பழைய உலோகக் கடைக்குப் போடாதீர்கள். அரசு நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. நிலத்தில் புதையலாகக் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலேயே ஏற்பட்ட சட்டம்.

முற்காலத்தில் காசினை ஆராய்ந்து நன்று தீது கூறுவோரை வண்ணக்கர் என்றார்கள். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்ற பெயருடையோர் இருந்தனர். காசையும் நோக்கினார்கள், கவியும் பாடினார்கள். அந்தத் தொழிலுக்கு வேண்டியது கூரிய கண் மட்டும் அன்று. தன் கையிலுள்ள காசு அரியதாக இருக்கவேண்டும் என்ற ஆசையை அடக்கி, இருப்பதை இருப்பதாகச் சொல்லும் நெஞ்சும் வேண்டும். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவது பொருத்தமானதே.

இன்று மாலை ஓய்வு கிடைக்கும்போது, பரணிலுள்ள டப்பாவை இறக்கிப் பிள்ளைகள் முன் கொட்டுங்கள். மேடு எது, பள்ளம் எது என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாம் சாதாரணக் காசாகவே இருக்கலாம். இருந்தால் என்ன? பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணை நாளை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.